‘குருடு வந்தது’: கவிதைக்குள் ஊனம் எப்படிப் பேசப்படுகிறது?

டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகளுக்கான உலக நாள். அதையொட்டிக் கல்லூரிகளில் கவிதைப் போட்டி வைப்பார்கள். தமிழாசிரியன் என்பதால் நடுவர் நாற்காலி பெரும்பாலும் எனக்கு வந்துவிடும். தாள்களைப் புரட்டினால் ஒரு வரி ஆண்டுதோறும் தவறாமல் வரும்: “உடலில் இருப்பது ஊனமல்ல, மனதில் இருப்பதே ஊனம்.”

எழுதிய பிள்ளைகள் நல்ல மனதோடுதான் எழுதுகிறார்கள். ஆனால் அந்த வரியைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். கெட்ட மனம் படைத்தவனைத் திட்ட வேண்டும், அதற்கு ஒரு சொல் தேவைப்படுகிறது, கைக்கு வந்த சொல் ‘ஊனம்’. ஊனம் என்றாலே இழிவு என்று ஒத்துக்கொண்டால்தான் அந்தத் திட்டு உறைக்கும். பெருமைப்படுத்தப் புறப்பட்ட வரி, பெருமைப்படுத்த வேண்டியவரையே வசைச்சொல்லாக்கிவிட்டுப் போகிறது.

இந்த விஷயத்தைப் பற்றிப் பேசும்போது பலரும் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறார்கள். ‘குருடன்’ என்று சொல்லாதே, ‘பார்வை மாற்றுத்திறனாளி’ என்று சொல், அத்தோடு முடிந்தது என்கிறார்கள். சொல் முக்கியம்தான். அந்தச் சொல் வாக்கியத்துக்குள் என்ன வேலை செய்கிறது என்பது அதைவிட முக்கியம். அந்த வேலையைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

இரவல் அண்டா

ஒருநாள் வகுப்பில் குறள் நடந்துகொண்டிருந்தது.

“கண்ணுடையர் என்பவர் கற்றோர் முகத்திரண்டு
புண்ணுடையர் கல்லா தவர்.”

படித்தவர்களுக்குத்தான் கண் உண்டு, படிக்காதவர்கள் முகத்தில் இருப்பவை இரண்டு புண்கள். முதல் வரிசையில் பார்வையற்ற மாணவி ஒருவர் இருந்தார். பிரெயில் தகட்டைத் தாளில் பொருத்தி, ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்திக் குறிப்பெடுப்பார். டக் டக்கென்று வந்துகொண்டிருந்த அந்தச் சத்தம் நின்றது.

“ஐயா, இது எங்களைப் பத்தியா, படிக்காதவங்களைப் பத்தியா?”

“படிக்காதவங்களைப் பத்திதாம்மா.”

“அப்ப எங்களை எதுக்குக் கூப்பிட்டாரு?”

அன்று எனக்குப் பதில் வரவில்லை. இந்தக் கட்டுரையே அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான்.

கல்யாண வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து அண்டா இரவல் வாங்குகிறோம். அண்டா பந்திவரை வருகிறது. அண்டாக்காரருக்குப் பத்திரிகை வைக்கவில்லை. கவிதையில் ஊனம் பெரும்பாலும் இப்படித்தான் வந்துபோகிறது. ஒன்றைச் சொல்ல இன்னொன்றைக் காட்டுவது உவமை. கல்லாமையைச் சொல்லப் பார்வையின்மையையும், பிடிவாதத்தைச் சொல்லக் கேளாமையையும் இரவல் வாங்குகிறோம். ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்ற பழமொழியில் திட்டு வாங்குகிறவர் மனுவைக் கண்டுகொள்ளாத அதிகாரி. அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். ‘குருட்டு நம்பிக்கை’யில் பார்வையற்றவர் எவரும் இல்லை. ‘நொண்டிச் சாக்கு’ சொல்கிறவர் நன்றாக நடக்கிறவர்.

இதற்காகக் குறளைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அதே திருக்குறளில்தான் “பொறியின்மை யார்க்கும் பழியன்று அறிவறிந்து ஆள்வினை இன்மை பழி” என்றும் இருக்கிறது. ‘பொறி’ என்பதற்கு ஊழ் என்று பொருள் கொண்டவர்கள் உண்டு, உடலுறுப்பு என்று கொண்டவர்களும் உண்டு. இரண்டாவது பொருளில் படித்தால், உறுப்புக் குறை யாருக்கும் இழுக்கில்லை என்று வெளிப்படையாகச் சொல்கிற வரி இது. ஒரே நூலுக்குள் உறுப்புக் குறை ஓரிடத்தில் இரவல் அண்டாவாகவும் இன்னோரிடத்தில் நேரடிப் பேச்சாகவும் வருகிறது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: ஊனத்தைக் குறிக்கும் சொல் ஒரு கவிதையில் வந்துவிட்டதாலேயே அது ஊனம் பற்றிய கவிதை ஆகிவிடாது. முதலில் கேட்க வேண்டியது அந்த மாணவி கேட்டதுதான், இவரை இங்கே எதற்குக் கூப்பிட்டார்கள்?

தேனைச் சுட்டிய விரல்

உவமை என்றாலே இழிவு என்றும் முடிவுகட்டிவிடக் கூடாது. குறுந்தொகையின் 60ஆம் பாட்டு பரணர் பாடியது. உயரமான மலையில் பெரிய தேனடை. கீழே நடக்க முடியாத ஒருவர். உள்ளங்கையைச் சின்னக் குடைபோலக் குவித்துத் தேனடையை நோக்கிச் சுட்டுகிறார், பிறகு அந்தக் கையை நக்கிக்கொள்கிறார். “உட்கைச் சிறுகுடை கோலிக் கீழிருந்து சுட்டுபு நக்கியாங்கு” என்கிறது பாட்டு. காதலன் அன்பு காட்டாவிட்டாலும் அவனைப் பலமுறை பார்ப்பதே உள்ளத்துக்கு இனிது என்று தலைவி சொல்வதற்காக வந்த உவமை இது.

இதுவும் இரவல்தான். ஆனால் பரணர் அந்த மனிதரின் கையை உற்றுப் பார்த்திருக்கிறார். விரல் குவிந்த விதம்கூடப் பாட்டில் இருக்கிறது. அவருடைய ஆசையைத் தலைவி கேலி செய்யவில்லை, தன் ஆசைக்குச் சமமாக வைக்கிறாள். இதே காட்சி பழமொழியாகும்போது என்ன ஆகிறது? ‘முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்படலாமா?’ கை போய்விட்டது, இனிமையும் போய்விட்டது. உனக்கேன் இந்த ஆசை என்ற அதட்டல் மட்டும் மிச்சம்.

வெள்ளிவீதியார் பாடிய குறுந்தொகை 58இல் வேறொரு காட்சி. வெயில் காயும் பாறையில் வெண்ணெய் உருகுகிறது. காவலுக்கு இருப்பவருக்குக் கையும் இல்லை, பேச்சும் இல்லை. கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கிறார். காதல் நோய் அப்படித்தான் பரவுகிறதாம். படிக்கும்போதெல்லாம் நெஞ்சை அடைக்கும் பாட்டு இது. இருந்தாலும் அந்த மாணவியின் கேள்வி காதில் விழுந்த பிறகு, எனக்குள் இன்னொரு கேள்வியும் எழுகிறது. கையில்லாதவரை வெண்ணெய்க்குக் காவல் வைத்தது யார்?

‘வந்தான்’ எப்படி ‘வந்தது’ ஆயிற்று

இனி இலக்கணம். பயப்பட வேண்டாம், ஒரே ஒரு விதிதான்.

தமிழில் மனிதர் உயர்திணை, மற்றவை அஃறிணை. ‘அவர் வந்தார்’, ‘மாடு வந்தது’ என்ற வேறுபாடு எல்லோரும் அறிந்ததுதான். ஆனால் மனிதரையே குறிக்கும் சில சொற்கள் அஃறிணை முடிபு பெறும் என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் ஒரு பட்டியல் தருகிறது. அரசு, குழவி எல்லாம் அதில் உண்டு. அரசு என்பது அரசனைக் குறித்தாலும் ‘அரசு வந்தது’ என்போம், ‘குழந்தை அழுதது’ என்போம். அந்தப் பட்டியலில் ‘உறுப்பின் கிளவி’, அதாவது உறுப்பு நிலையைக் குறிக்கும் சொல், என்றும் ஒன்று இருக்கிறது. அதற்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு, குருடு வந்தது, முடம் வந்தது.

பட்டியலில் அரசனும் இருப்பதால் இதை வசை என்று சொல்லிவிட முடியாது. என்றாலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. அரசனுக்கு அரண்மனை இருக்கிறது, குழந்தைக்குத் தாய்மடி இருக்கிறது. ‘அது’ என்று சொன்னதால் அவர்கள் மதிப்பு குறைவதில்லை. முடத்துக்கு அப்படி எந்தக் காப்பும் இல்லை. ‘அந்த நொண்டி வருது’, ‘ஊமை என்னமோ சொல்லுது’ என்று இன்றும் தெருவில் காதில் விழுகிறது. பேசுகிறவர் தொல்காப்பியம் படித்தவர் இல்லை. அவர் வாயில் அந்த வாக்கியம் உயிரோடு இருக்கிறது.

புறநானூறு 28இல் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்கு அறிவுரை சொல்கிறார். சிதடு, உறுப்பில்லாப் பிண்டம், கூன், குறள், ஊம், செவிடு, மா, மருள் என்று எட்டை அடுக்கி ‘எண்பேர் எச்சம்’ என்கிறார். சிதடு என்றால் பார்வையின்மை, குறள் இங்கே குள்ளம், மா விலங்குபோன்ற வடிவம், மருள் அறிவு மயக்கம். எச்சம் என்றால் குறை. பட்டியலில் ஓர் ஆள்கூட இல்லை, நிலைகள்தான் இருக்கின்றன. ஔவையார் பெயரில் வழங்கும் ‘கூன் குருடு செவிடு பேடு நீங்கிப் பிறத்தல் அரிது’ என்பதும் அதே அடுக்குதான்.

இதே மொழியில் வேறு வழியும் இருந்திருக்கிறது. மணிமேகலையில் ஆபுத்திரன் பிச்சையெடுத்து வந்த சோற்றைப் பகிர்கிறான். யாரையெல்லாம் அழைக்கிறான் தெரியுமா? “காணார் கேளார் கால்முடப் பட்டோர் பேணுநர் இல்லோர் பிணிநடுக் குற்றோர் யாவரும் வருக.” அவர்கள் உண்ட மிச்சத்தைத்தான் அவன் உண்கிறான்.

காணார் என்றால் காணாதவர், கேளார் என்றால் கேளாதவர். அவர் செய்யாத ஒன்றைச் சொல்லி, ‘ஆர்’ என்ற உயர்திணை விகுதியைப் போட்டு, கையோடு ‘வருக’ என்று கூப்பிட்டாயிற்று. ‘குருடு’ என்ற சொல்லில் நிலைமை ஆளை விழுங்கிவிடுகிறது. ‘காணார்’ என்பதில் ஆள் நிற்கிறார். இவ்வளவு எளிதான வழி கையில் இருந்தும் நாம் அதை அதிகம் புழங்காமல் விட்டது எனக்குப் பெரிய வருத்தம்.

ஈயம் பூசிய பாத்திரம்

‘எந்தச் சொல்தான் சார் சரி?’ என்று கேட்பவர்களுக்காக இந்தப் பகுதி.

‘ஊனமுற்றோர்’ என்பது நெடுநாள் அரசுச் சொல். ஊனம் என்ற வடசொல்லின் வேர்ப்பொருளே குறைவு என்பதுதான். தமிழ்நாட்டில் 2010இல் ‘மாற்றுத்திறனாளி’ அரசுச் சொல்லாக நிலைபெற்றது. இலங்கையில் ‘அங்கவீனர்’, ‘விசேட தேவையுடையோர்’ என்ற சொற்களும் புழங்குகின்றன.

மாற்றுத்திறனாளி என்ற சொல்லால் நடந்த நன்மையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பேருந்திலும் அலுவலகத்திலும் ‘நொண்டி’ என்ற சொல் நாக்கில் வந்து நிற்கும்போதே பலரை அது தடுத்திருக்கிறது. ஆனால் அதில் ஒரு சிக்கலும் உண்டு. கண் தெரியாது என்றால் கட்டாயம் வேறொரு திறன் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை அந்தச் சொல் கிளப்புகிறது. ‘உனக்குக் கண்ணு இல்லைன்னாலும் நல்லா பாடுவியே’ என்பார்கள். பாட வராத பார்வையற்றவர் என்ன செய்வார்? ஐநாவின் 2006ஆம் ஆண்டு உடன்படிக்கையும் இந்தியாவின் 2016ஆம் ஆண்டு உரிமைச் சட்டமும் மாற்றுத் திறன் பற்றிப் பேசவில்லை, ஊனம் உடைய நபர்களின் உரிமை என்றே பேசுகின்றன. பாதிப்புள்ளவர்களிலும் சிலர் ‘மாற்றுத்திறனாளி’யை விரும்புகிறார்கள். சிலர், நேராகச் சொன்னால் போதும், பூச்சு வேண்டாம் என்கிறார்கள். எதிரே இருப்பவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

புதுச்சொல் வந்தும் பழைய இளக்காரம் தொடர்வதைப் பார்க்கிறோம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதற்கு முன் களிம்பைச் சுரண்டித் துலக்க வேண்டும். துலக்காமல் பூசினால் சில நாளில் உரிந்துவிடும். ‘மாற்றுத்திறனாளியாடா நீ?’ என்று விளையாட்டு மைதானத்தில் ஒரு பையன் இன்னொருவனைக் கேட்டதை என் காதால் கேட்டேன். சொல் புதிது, வேலை பழையது. இதைச் சொல் தேய்மானம் என்று வைத்துக்கொள்ளலாம்.

சுருக்கமாக: சொல்லை மாற்றுவது தேவை, அது போதாது. வாக்கியத்தில் அவர் ஆளாக நிற்கிறாரா, ‘அது’வாகக் கிடக்கிறாரா என்றும் பார்க்க வேண்டும்.

மூக்குக்கண்ணாடியும் மால்பும்

பள்ளியில் என்னைச் ‘சோடாபுட்டி’ என்றார்கள். கண்ணாடியைக் கழற்றினால் கரும்பலகை எனக்கு வெள்ளைப் புகை. ஆனாலும் யாரும் என்னை ஊனமுற்றவன் என்று சொன்னதில்லை. காரணம் என் கண் அல்ல, ஊருக்கு ஊர் கண்ணாடிக் கடை இருப்பதுதான். அந்தக் கடைகள் இல்லாத நாட்டில் நான் படித்திருக்கவே மாட்டேன்.

இதுதான் ‘சமூகப் பார்வை’ என்று சொல்லப்படும் கருத்து. உடலில் இருப்பது பாதிப்பு. அந்தப் பாதிப்போடு வாழ முடியாதபடி ஊர் போட்டு வைத்திருக்கும் தடைதான் ஒருவரை ஊனமாக்குகிறது. 1976இல் பிரிட்டனில் உடல் பாதிப்புள்ளவர்களே நடத்திய ஓர் அமைப்பு இந்த வேறுபாட்டைத் தெளிவாக எழுதி வைத்தது. சக்கர நாற்காலியில் வருபவர் வங்கி வாசலில் நிற்கிறார், மூன்று படிகள். சாய்தளம் போட்டால் அவர் வாடிக்கையாளர், போடாவிட்டால் ‘பாவம்’.

இப்போது பரணரின் தேன்மலைக்குத் திரும்பிப் போவோம். மலைத்தேன் எடுப்பதற்குச் சங்க காலத்தில் ஒரு கருவி இருந்தது. மால்பு என்று பெயர், மூங்கிலால் ஆன ஏணி. மலைபடுகடாம் அதைப் பாடுகிறது. அப்படியென்றால் இரண்டு காலும் திடமாக இருப்பவனுக்கும் ஏணி இல்லாமல் அந்தத் தேன் எட்டாது. எல்லோருக்கும்தான் மால்பு தேவை. சிலருக்குத் தேவையான மால்பை மட்டும் நாம் இன்னும் கட்டவில்லை. ‘முடவன் ஆசைப்படலாமா’ என்று கேட்ட பழமொழி, ஏணி எங்கே என்று கேட்கவில்லை.

இதற்கு நேர் எதிரானது தண்டனைப் பார்வை. செய்த பாவத்துக்குக் கிடைத்த கூலிதான் ஊனம் என்பது அது. தமிழில் இதற்கென்றே நொண்டி நாடகம் என்று ஓர் இலக்கிய வகை இருந்தது. திருடிக் கால் வெட்டப்பட்டவன் மேடையில் நொண்டிக்கொண்டே தன் கதையைப் பாடுவான். கடைசியில் இறையருளால் கால் திரும்ப வரும். அந்த நடைக்கு ஏற்ற சந்தம்தான் நொண்டிச் சிந்து. பாரதியின் ‘நெஞ்சு பொறுக்குதில்லையே’ அந்தச் சந்தத்தில் அமைந்த பாட்டு. நாட்டின் நிலை கண்டு நெஞ்சு குமுறப் பாடும்போதெல்லாம், நாடகமேடையில் ஒற்றைக்காலில் தத்தியவனின் தாளமும் கூடவே ஒலிக்கிறது. அவனை நினைக்கிறவர்தான் குறைவு.

பெயரில் மட்டும் இருந்த ஊனம்

பாதிப்புள்ளவர்களே கவிஞர்களாக இருந்தபோது என்ன பாடினார்கள்? தங்கள் உடலைப் பற்றியே பாடியிருப்பார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.

17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் வீரராகவ முதலியார். பார்வையற்றவர் என்பதால் ‘அந்தகக்கவி’ என்ற அடைமொழி அவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. அவருடைய புகழ்பெற்ற ஒரு பாட்டில், வள்ளலைப் பாடிவிட்டு ஒரு பாணன் வீடு திரும்புகிறான். என்ன கொண்டுவந்தாய் என்கிறாள் மனைவி. கிடைத்த பரிசு யானை, அதன் பல பெயர்களில் ஒன்றான களபம் என்கிறான். அது சந்தனத்துக்கும் பெயர் என்பதால் ‘பூசும்’ என்கிறாள். மாதங்கம் என்கிறான். நிறையத் தங்கம் என்று எடுத்துக்கொண்டு ‘வாழ்ந்தேம்’ என்கிறாள். வேழம் என்றால் கரும்பென்று நினைத்துத் தின்னச் சொல்கிறாள். பகடு என்றால் எருதென்று நினைத்து ‘வயலை உழும்’ என்கிறாள். கம்பமா என்றால் கம்பு மாவு, களிக்கு ஆகும். கடைசியில் ‘கைம்மா’ என்கிறான். யானையைத் தவிர வேறு பொருள் அதற்கு இல்லை. கலங்கிப் போகிறாள். சோற்றுக்கே வழியில்லாத வீட்டில் யானையை எப்படி வளர்ப்பது?

பாட்டில் பார்வை பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஏழைக் குடும்பத்தின் சங்கடமும் தமிழின் சொல்வளமும்தான் இருக்கின்றன. ஊனத்தை அவர் பெயரில் ஒட்டியவர்கள் நாம்.

இரட்டைப் புலவர்களும் அப்படித்தான். ஒருவருக்குப் பார்வை இல்லை, இன்னொருவரால் நடக்க முடியாது. பார்வையற்றவர் தோளில் மற்றவர் அமர்ந்து ஊர் ஊராகப் போனார்கள், வெண்பாவில் பாதியை ஒருவரும் மீதியை மற்றவரும் பாடினார்கள் என்பது கதை. மதுரைக் குளத்தில் துவைத்த துணி நழுவிப் போனதாம். துணியை நாம் தப்பினால் அது நம்மைத் தப்பாதா என்று ஒருவர் தொடங்குகிறார். துணியை அடித்துத் துவைப்பதும் தப்புதல்தான், நழுவி ஓடுவதும் தப்புதல்தான். “இக்கலிங்கம் போனாலென் ஏகலிங்க மாமதுரைச் சொக்கலிங்கம் உண்டே துணை” என்று மற்றவர் முடிக்கிறார். கலிங்கம் என்றால் துணி. இழந்தது துணி ஒன்றுதான், பேச்சும் அதைப் பற்றித்தான்.

ஊன்றுகோலாவது கொடு

தன் பார்வையிழப்பையே பாடியவர் சுந்தரர். 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்பது பரவலான கணிப்பு. திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தபோது பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்தார், அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் பார்வை போயிற்று என்கிறது பெரியபுராணம். கதை தண்டனைப் பார்வையில்தான் நகர்கிறது. ஆனால் பாட்டில் பேசுகிறவர் அவரே. ‘நான்’ என்று பேசும் இந்தக் குரலைத் தன்மைக் குரல் என்போம். அது வந்ததும் எல்லாம் மாறிவிடுகிறது.

“மூன்று கண்ணுடையாய் அடியேன்கண் கொள்வதே கணக்கு வழக்காகில்
ஊன்றுகோல் எனக்காவது ஒன்றருளாய்”

உனக்கு மூன்று கண் இருக்கிறது, என் கண்ணைப் பறிப்பதுதான் உன் கணக்கென்றால் சரி, பிடித்து நடக்க ஒரு கோலாவது கொடு. என்னைப் பார்த்து இரக்கப்படு என்று நிற்கவில்லை, நடக்க வேண்டியதைக் கேட்கிறார். அவருக்குத் திருவெண்பாக்கத்தில் கோல் கிடைத்தது. பழைய கோயில் இருந்த இடம் பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டதால் கோயிலைப் பூண்டியில் எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். சாமிக்குப் பெயர் ஊன்றீஸ்வரர். கோபத்தில் சுந்தரர் வீசிய கோல் பட்டுத்தான் அங்கே நந்தியின் கொம்பு உடைந்ததென்று சொல்வார்கள்.

காஞ்சியில் ஒரு கண் வந்தது. திருவாரூரில் மற்றொன்றுக்காக நின்றபோது பாடியது இது:

“குற்ற மொன்றுஞ் செய்த தில்லை கொத்தை யாக்கினீர்
எற்றுக் கடிகேள் என்கண் கொண்டீர் நீரே பழிப்பட்டீர்
மற்றைக் கண்தான் தாரா தொழிந்தால் வாழ்ந்து போதீரே”

கொத்தை என்றால் பார்வையற்றவன். அந்தக் காலத்தில் காதுக்கு இனிமையான சொல்லாக அது இருந்திருக்காது. ஆனால் இங்கே அந்தச் சொல்லை அவரே எடுத்து, ‘ஆக்கினீர்’ என்று பழியை எதிரே இருப்பவர் தலையில் வைக்கிறார். கடைசிச் சொல்தான் உச்சம். கொடுக்காவிட்டால் போங்கள், நல்லா இருந்துட்டுப் போங்க!

அடுத்த வாரம் வகுப்பில் இந்தப் பாட்டைப் படித்தேன். பிரெயில் ஊசியின் சத்தம் கடைசி வரிவரை நிற்காமல் வந்தது. பிறகு அந்த மாணவி கேட்டார்.

“ஐயா, அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க.”

சொன்னேன். அவர் அதைக் குத்திவிட்டு, தாளைத் திருப்பி, புள்ளிகள் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்த்தார்.

“எங்க ஆயாவும் இப்படித்தான் ஐயா திட்டும்” என்றார்.